திரும்பி வந்த சுருட்டுப் பெட்டிகள்

மாமாவுக்குக் கல்யாண ஆசை வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் சுருட்டு வந்தது. பிடிப்பதற்கல்ல, விற்பதற்கு. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் அவருக்கு வேலை. அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவர், டேனரியை விட்டுவிட்டுக் கௌரவமாக வேறு தொழில் செய்தால் பெண் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணை மாமா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

வேலையை விட்டார். திண்டுக்கல்லிலிருந்து சுருட்டுகளை வரவழைத்தார். வெள்ளைத் துணியில் பரப்பி, கறுத்தவை ஒரு பக்கம், தேன் நிறத்தவை ஒரு பக்கமாகப் பிரிப்பார். ஒரே பெட்டிக்குள் நிறம் மாறினால் வாங்கும் வெள்ளைக்காரத் துரைமார் முகம் சுளிப்பார்களாம். ஒவ்வொன்றின் இடுப்பிலும் தங்கக் கரை போட்ட காகிதப் பட்டையைச் சுற்றி, இலை நரம்பு தெரியாத பக்கம் மேலே வரும்படி தேவதாருப் பெட்டியில் அடுக்குவார். பட்டைக்குப் பசை தடவியது நான். மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு ஜோடனை நடந்திருக்காது.

பிறகு பதம் வரட்டும் என்று, மழைக்காலம் முழுவதும் பெட்டிகளைப் பின்கட்டு அறையில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டேனரி முற்றம், நிறைய ஈரத்தோல். எங்களில் ஒருவருக்கும் அதில் தப்பு தோன்றவில்லை.

வேலூரில் துரைமார் கிளப்புக்குப் போன பெட்டிகள் அத்தனையும் திரும்பி வந்தன. கொண்டுவந்த பட்லர் படியேறவில்லை.

"இன்னாய்யா இது? பெட்டிய தொறந்தாலே பச்சத்தோல் நாத்தம்! துரை தூக்கிக் கடாசிட்டாரு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ஒரு சுருட்டை எடுத்து முகர்ந்தாள். "நல்லாத்தானே கீது?" என்றாள். மாமா பெட்டி பெட்டியாகத் திறந்து முகர்ந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

கடைசியில் உள்ளங்கையை என் மூக்கருகே நீட்டினார்.

"எம்மேல வாடை அடிக்குதா பாப்பா? பொய் சொல்லாத."

மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தேன். "ஒன்னுமே இல்ல மாமா."

உண்மையைத்தான் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே டேனரிக்குத் திரும்பினார். அரக்கோணத்துப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

எனக்குக் கல்யாணமாகி மதராஸ் போய், வெகுநாள் கழித்து முதல் தடவை பிறந்த வீட்டுக்கு வந்தேன். ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் பச்சைத்தோல் வாடை குப்பென்று அடிக்க, என்னை அறியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் அன்று ஏன் அழுதார் என்று அப்போதுதான் புரிந்தது. மாமா என்னை அழைத்துப்போக எதிரே நின்றுகொண்டிருந்தார்.