காலில் கிடந்த தங்கம்

கொல்லிமலைக்கு நர்ஸாக வேலைக்கு வந்த முதல் வருடமே என் கல்யாண மோதிரத்தைத் தொலைத்தேன். அது வெள்ளைத் தங்கம். சர்ச்சில் கணவர் அதை என் விரலில் போட்டபோதே, "வெள்ளியா வாங்கினீங்க?" என்று அத்தை முகம் சுளித்திருந்தார்.

வாசலூர்பட்டியில் என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மரவள்ளிக் காடு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போய்க் கிழங்கு பிடுங்கினேன். வீட்டில் கை கழுவும்போதுதான் விரல் வெறுமையாக இருப்பதைக் கவனித்தேன்.

"அக்கா, என் தங்க மோதிரம் காட்டுல விழுந்துடுச்சு" என்று ஓடினேன். இருட்டும்வரை இருவரும் மண்ணைக் கிளறினோம். கிடைக்கவில்லை. அதன் பிறகும் காட்டுக்குப் போகும்போதெல்லாம் மஞ்சளாக ஏதாவது மின்னுகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு காலையில் என் வாசலுக்கு வந்து பாதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க நர்ஸம்மா, வெள்ளி மஞ்சளாகுமுங்களா?"

அவர் கால்விரலில் என் மோதிரம் இருந்தது.

காட்டில் கிடந்ததாம். களையெடுக்க வந்த பெண்கள் யாரோ விட்ட மெட்டி என்று நினைத்து விசாரித்திருக்கிறார். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. அவருடைய மெட்டி ஒன்று முன்பே தொலைந்திருந்ததால் அதற்குப் பதிலாகப் போட்டுக்கொண்டார். நான் தேடியது தங்கம், கிடைத்தது வெள்ளி. என்னிடம் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"இது என் மோதிரம்க்கா. தங்கம்தான்."

"தங்கம் எப்படிங்க வெள்ளையா இருக்கும்?"

"செம்பு அதிகமா கலந்தா தங்கம் சிவக்கும். வெள்ளை உலோகம் கலந்தா மஞ்சள் வெளுத்துடும். இதுக்கு மேல வெள்ளையா ஒரு பூச்சும் இருந்துச்சு. மண்ணுல தேஞ்சு போயிடுச்சு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கத்தைப் போயி கால்ல போட்டு மிதிச்சுட்டனே, சாமி!"

அவர் கண் கலங்கியிருந்ததால் மோதிரம் கிடைத்த சந்தோஷத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. சோப்பு போட்டுக் கழற்றினேன். அவர் அதை உடனே வாங்கிக்கொண்டுபோய் மஞ்சள் தண்ணீரில் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "நாளைக்குத் தாரேனுங்க" என்றார். சரி என்றேன். மறுநாள் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார்.

சேந்தமங்கலம் நகைக்கடையில் மறுபடியும் பூச்சு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த வெளிர் மஞ்சள் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அங்கேயே அக்காவுக்கு ஒரு ஜோடி மெட்டி வாங்கி வந்தேன். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெள்ளிதானுங்களே?"

"வெள்ளிதான்க்கா."

"பில்லைக் காட்டுங்க, பாக்கறேன்."