நகத்தில் நின்ற கறுப்பு

கட்டுமாவடியில் மீன் விற்கும் அடைக்கலமேரியின் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. ஓட்டுப் போட்டபோது வைத்த மை என்றே அவள் நினைத்திருந்தாள்.

"எட்டு மாசமாச்சு, இன்னுமா மையி போகலை? அடுத்த எலெக்‌ஷனுக்கும் சேத்து வச்சுக்கிட்டியாக்கா?" என்று பக்கத்துக் கடை ராக்காயி சிரித்தாள்.

அடைக்கலமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. மை என்றால் நகம் வளர வளர மேலேறி, வெட்டும்போது போயிருக்கும். இந்தக் கோடோ நகத்தின் அடியிலிருந்தே புதிதாக வந்துகொண்டிருந்தது. ஓரத்துத் தோலிலும் கறுப்பு படர்ந்திருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்கலடி. அதான் பயமா இருக்கு. புத்துநோயின்னு சொல்லி ஆஸ்பத்திரில வெரல எடுக்கணும்னுருவாகளோ?"

"நாளைக்குப் போய்க் காட்டேன்."

"இம்புட்டு நாளு சும்மா இருந்தது போதும். கூடையப் பாத்துக்க" என்று கையைக் கழுவினாள். அந்த விரலை மட்டும் துடைக்க அஞ்சி, ஈரத்தோடே புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள்.