ரீச்சரின் அட்டைத் துவக்கு

மற்றவர்களை மெதுவாகப் போகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். திருகோணமலை மாவட்டத்துப் பிரதேச சபைகளுக்குப் போய், சனம் எங்கே ரோட்டைக் கடக்கிறது, வாகனங்கள் எங்கே கண்மண் தெரியாமல் ஓடுகின்றன என்று பார்த்து, கடவையும் நடைபாதையும் எப்படி அமைக்கலாம் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. இதற்கென்று ஒரு மஞ்சள் ஸ்கூட்டி, ஒரு அளவு நாடா, ஒரு கெட்ட வாய் ஆகிய மூன்றும் என்னிடம் உண்டு. காலையில் எந்த இடத்துக்கும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக ஞாபகமில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிலாவெளி வீதியில் ஒரு பாலர் பாடசாலை இருக்கிறது. ரோட்டின் ஒரு பக்கம் பள்ளி, மறுபக்கம் கடற்கரையோரமாகப் பிள்ளைகளின் வீடுகள். காலையில் வீட்டார் பிள்ளைகளை ரோட்டோரம் கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து பள்ளிக்குக் கூட்டிவருவதும், மத்தியானத்துக்கு முன் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் ரீச்சரின் பொறுப்பு. கரைவலைக்காரர்கள் கழித்துவிட்ட கயிறு ஒன்றை அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் வரிசையாகப் பதினான்கு வலை மிதப்புகள், பிள்ளைக்கு ஒன்றாக. மிதப்பில் பிடித்த கையை எடுக்கிற பிள்ளைக்கு அன்றைக்குக் கதை சொல்ல மாட்டார். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் போடாதவர்களை லேசாக எண்ணிவிடுவது என் பழைய பிழை.

அந்த இடத்தில் ரோட்டைச் சற்று உயர்த்திக் கடவை ஒன்று கட்டித் தாருங்கள் என்று சபைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியவர் அவர்தான். சபைத் தவிசாளருக்கும் சம்மதம். ஆனால் ரோடு சபைக்குச் சொந்தமில்லை. பெரிய வீதிகளுக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளைகள் கடக்கிற அதே நாள், அதே நேரம் வாகனங்களின் வேகத்தை அளந்து காட்ட வேண்டும். வேகம் இல்லையென்றால் கடவையும் இல்லை.

"வேகத்துக்கு அங்க பஞ்சமே இல்ல சேர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேகம் அளக்கிற கருவி பார்வைக்குச் சின்னத் துவக்கு மாதிரி, பிடியும் குழலும் விசையுமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு முன்னால் பூவரச மரத்தடியில் நின்றேன். முதலில் வந்தது ஒரு ஐஸ் லொறி. என்னைக் கண்டதும் பிரேக்கை அழுத்தி, பூனை நடையாக ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே எதிரில் வந்த வானுக்கு லைற்றை அடித்துக் காட்டியது. வேறு எதிலும் காணக் கிடைக்காத ஒற்றுமை நம் சாரதிகளுக்கு இதில் மட்டும் உண்டு. முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று முன்பின் தெரியாதவனுக்கும் லைற் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வான் பஸ்ஸுக்குச் சொன்னது, பஸ் எல்லோருக்கும் சொன்னது. ஹெல்மெட் போடாத ஒருவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, காற்று வாங்க வந்தவர் போல அதைத் தள்ளிக்கொண்டே என்னைக் கடந்தார். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தானாகவே நிறுத்தி லைசன்ஸை நீட்டினார்.

"அண்ணன், நான் பொலிஸ் இல்ல."

"ஓம் ஓம், விளங்குது மிஸ்" என்றார். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

அன்றைய அளவீட்டுத் தாளைப் பார்க்கிற எவரும் நிலாவெளி வீதியில் மாட்டுவண்டிகள்தான் ஓடுகின்றன என்று நினைப்பார்கள். எனக்கு அழுகை வராத குறை. ரீச்சருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கும் வருவீங்களோ மிஸ்?"

"ஏன் ரீச்சர்?"

"இண்டைக்குத்தான் நான் நெஞ்சு படபடக்காமல் ரோட்டைக் கடந்தனான்."

தினமும் வந்து நிற்க ஏலாது, எனக்கு இன்னும் எத்தனையோ இடம் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் கருவியைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து மறுபடி போனேன். இந்த முறை ஒளிந்து அளப்பதென்று திட்டம். சற்றுத் தள்ளி இளநீர் விற்கிறவரின் தட்டிக்குப் பின்னால், குலைகளுக்கு நடுவே குந்திக்கொண்டேன். சும்மா இருக்க விடமாட்டேன் என்று அவர் மூன்று இளநீரைக் குடிக்க வைத்தார். வாகனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஊர்ந்துகொண்டு வந்தது, எதிரே வருவதற்கு லைற் அடித்தது. என்னைத்தான் யாருக்கும் தெரியாதே, யாரைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று எழுந்து எட்டிப் பார்த்தேன்.

பூவரச மரத்தடியில் ரீச்சர் நின்றார். ஒரு கையில் குடை, மறுகையில் கறுப்பாக ஒரு துவக்கு. அதை ஒவ்வொரு வாகனத்துக்கும் நேரே பிடித்தார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி மதிலோடு ஒட்டி நின்றன. ரோடு அடங்கியதும் துவக்கைத் தோள்பையில் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடந்தார்.

திரும்பி வந்தவரிடம் அதை வாங்கிப் பார்த்தேன். பிஸ்கட் பெட்டி அட்டை, குழலுக்கு ஒரு பவுடர் ரின், பிடிக்கு ஒரு கரண்டிக் காம்பு. கறுப்பு வர்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது. என் கருவியைவிட இது வடிவாக இருந்தது என்பதும் என் கோபத்துக்கு ஒரு காரணம்.

"ரீச்சர், உங்கட கடவைக்கு நீங்களே குழி தோண்டுறீங்கள். வேகம் இல்லையெண்டு நான் எழுதிக் குடுத்தா ஒண்டும் வராது. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதை அலுமாரிக்குள்ள வையுங்கோ."

அவர் அவசரப்படாமல் கேட்டார். "ஒரு நாளைக்குப் பிள்ளையளை வேகமா ஓடுற வாகனத்துக்கு நடுவில இறக்கோணும். நீங்கள் பக்கத்தில இருந்து அதை எழுதிக்கொண்டு போவீங்கள். அப்பிடித்தானே மிஸ்?"

அட்டைத் துவக்கை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. அந்த நிபந்தனையைக் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் பதினான்கு பிள்ளைகள் நின்றதை நான் பார்க்கவே இல்லை.

அன்று பின்னேரமே பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன். வேகத்தை லீவு நாளில் அளக்கிறேன், பிள்ளைகளைப் பள்ளி நாளில் எண்ணுகிறேன் என்று கெஞ்சினேன். "அதெப்பிடி மிஸ், ரெண்டும் ஒரே நாளில வேணும்" என்றார். சரி சேர் என்றேன். அந்த மாதத்து வீதிப் பாதுகாப்புக் கூட்டத்தைப் பாலர் பாடசாலையிலேயே வைப்போம், இடத்தையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றேன். நான் இவ்வளவு பணிவாகப் பேசினால் என்னைத் தெரிந்தவர்கள் பயப்படுவார்கள். அவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் கூட்டம். அவர்களைக் கூட்டிவரும் வானின் சாரதிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பள்ளிப் பக்கம் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கான் உடைந்திருக்கிறது, மறுபக்கம் நிழலில் நிறுத்துங்கள். கான் உடைந்துதான் இருந்தது, ஆனால் வான் நிற்க இடமும் இருந்தது.

பொறியியலாளர், அவரது உதவியாளர், தவிசாளர், சபைச் செயலாளர் என்று நான்கு பேர் மறுபக்கம் இறங்கினார்கள். இந்தப் பக்கம் நானும் ரீச்சரும், எங்கள் நடுவே ஒரு மேசையில் குளிர்ந்த சோடாப் போத்தல்கள். அவர்களுக்குத் தெரிகிற மாதிரித்தான் மேசையைப் போட்டிருந்தேன். துவக்குப் பிடித்து யாரும் நிற்காததால் ரோடு தன் உண்மைக் குணத்தைக் காட்டியது. நால்வரும் இரண்டடி வைப்பார்கள், ஒரு வான் வரும், மூன்றடி பின்னுக்குப் போவார்கள். புல்மோட்டை பஸ் ஒன்று பறந்த காற்றில் உதவியாளரின் கோப்பிலிருந்த தாள்கள் வேலியில் போய் ஒட்டின. என் போன் அடித்தது. மறுபக்கத்திலிருந்து பொறியியலாளர்.

"மிஸ், அந்த அளக்கிற துவக்கை ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோவன். அதைக் கண்டா மெதுவாப் போவாங்கள்."

"ஐயோ சேர், அதை வீட்டில வைச்சிட்டு வந்திட்டன்" என்றேன். அது என் கைப்பைக்குள் இருந்தது.

கடைசியில் ரீச்சருக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு, தினமும் போய்ப் பழகிய நிதானத்தோடு இரு பக்கமும் பார்த்து மறுபக்கம் போனார். ஆளுக்கொரு மிதப்பைக் கொடுத்தார். "இறுக்கிப் பிடியுங்கோ. விட்டா இண்டைக்குக் கதை இல்ல" என்று பழக்கதோஷத்தில் சொன்னது எனக்கே கேட்டது. பொறியியலாளர் முதல் மிதப்பு, தவிசாளர் கடைசி மிதப்பு. நால்வரும் கயிற்றை விடாமல் வந்து சேர்ந்தார்கள். ரீச்சர் எண்ணிப் பார்த்தார். தவிசாளர் எண்ணி முடித்த பிறகும் மிதப்பை விடவில்லை.

உள்ளே இருந்தவை பிள்ளைகளின் கதிரைகள். பொறியியலாளர் முழங்கால் நாடியில் முட்டக் குந்தியிருந்து, ஒரு போத்தல் சோடாவை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கேட்டார். "இப்பிடிப் பாய்ஞ்சு போறது என்னென்ன வாகனம் ரீச்சர்? எல்லாத்தையும் சொல்லுங்கோ, எழுதுவம்."

ரீச்சர் ஒரு கொப்பியை எடுத்தார். காலையில் பிள்ளைகள் எந்த வாகனத்தைக் கண்டு பயந்தன என்று கேட்டுக் கேட்டு நாள்தோறும் எழுதி வைத்திருந்தாராம். நிதானமாக வாசித்தார்.

"ஐஸ் லொறி, எட்டு மணி. ஹோட்டல் வான், எட்டு பத்து. மஞ்சள் ஸ்கூட்டி, எட்டேகால், அநேகமா ஒவ்வொரு நாளும். ஓடுறது ஒரு அன்ரி. பிள்ளையள் கண்ட உடன கயிறைப் பின்னுக்கு இழுக்குதுகள்."

யன்னலுக்கு வெளியே என் ஸ்கூட்டி நின்றது. நான்கு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. தவிசாளருக்கு இருமல் வந்தது. தினமும் வடக்கே உள்ள சபைகளுக்கு நான் பிந்திப் போகிற வழி அதுதான். பாதுகாப்பான வீதி என்று அச்சடித்த ஒரு சட்டையையும் அன்று பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

பொறியியலாளர் சிரிக்கவில்லை. "வேகத்தை லீவு நாளிலயே எடுங்கோ. ரெண்டு தாளையும் ஒண்டா இணைச்சுத் தாங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். பிறகு யன்னல் பக்கம் இன்னொரு முறை பார்த்துவிட்டு, "நீங்கள் அளக்கிற நேரம் உங்கட ஸ்கூட்டியையும் யாரையாவது அளக்கச் சொல்லுங்கோ மிஸ்" என்றார்.

எல்லோரும் போன பிறகு ரீச்சரிடம் கேட்டேன். "அது நான்தான் எண்டு எப்ப தெரியும்?"

"நீங்கள் வந்த முதல் நாளே தெரியும் மிஸ்."

"ஏன் அப்பவே சொல்லேல்ல?"

"கோபிச்சுக்கொண்டு போயிட்டீங்கள் எண்டா கடவை வராதே."

"அப்ப இண்டைக்கு மட்டும் ஏன் வாசிச்சீங்கள்?"

"சேர் எல்லாத்தையும் சொல்லச் சொன்னவர். நீங்கள் நிண்டீங்கள் எண்டு ஒண்டை விட ஏலுமோ?"

கடவை வந்துவிட்டது. ரோடு மெல்ல உயர்ந்து தாழ்கிறது. பறந்து வருகிறவன் தன் முதுகெலும்பை நினைத்தாவது பிரேக்கை அழுத்துகிறான். அட்டைத் துவக்கு விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது. கயிறு மட்டும் இருக்கிறது.

கடவை திறந்து சில நாள் கழித்து, எட்டேகாலுக்கு அந்த வழியால் வந்தேன். பிந்தித்தான் வந்தேன், ஆனால் மெதுவாக வந்தேன். ரீச்சர் பிள்ளைகளோடு ஓரத்தில் நிற்பதைக் கண்டு கோட்டுக்கு நன்றாக முன்பே நிறுத்தினேன். அவர் கடவையில் கால் வைத்தார். முதல் மிதப்பைப் பிடித்திருந்த சின்னப் பெண் என் ஸ்கூட்டியைக் கண்டாள். உடனே கயிறு இழுபட்டது. பதினான்கு மிதப்பும் ஓரத்துக்குத் திரும்பிப் போயின.

எஞ்சினை நிறுத்தினேன். இறங்கி நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. அன்று என்னைப் போலவே பிந்திவிட்ட ஐஸ் லொறி எனக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தது. ரீச்சர் குனிந்து அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. அன்ரி இப்ப நிப்பா."

அவள் நடந்தாள். மறுபக்கம் போய்ச் சேரும்வரை என் முன்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.