முன்பக்கம் தூக்கும் டிராக்டர்

மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கு முதல் டிராக்டர் வந்தபோது, அதை ஓட்ட என் அக்காவின் கணவரைத் தோட்ட மேலாளரான துரை தேர்ந்தெடுத்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாலும் அவர் முன்பே லாரி ஓட்டியவர். சங்கிலி கட்டும் வேலை எனக்கு. அப்போது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது.

சாம்பல் நிற வண்டி. நான்கும் இரும்புச் சக்கரங்கள். முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முன்னே போக மூன்று கியர், பின்னே வர ஒன்று. பிரேக் கிடையாது, கிளச் மட்டுந்தான். மதியத்துக்குள் இருக்கைக்கு அடியில் கொதிக்கும். அவர் ஈரக் கோணியைப் போட்டு உட்காருவார்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுவதற்காகக் காடழித்த நிலத்தில் அடிமரங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்ட ஒரு காலையில் பெரிய அடிமரம் ஒன்றுக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, "இழுங்க மாமா" என்றேன். மரம் அசையவில்லை. பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்து நின்றன. சக்கரம் சுழலாவிட்டால் எஞ்சின் வண்டியையே தூக்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. முன்பக்கம் மேலே எழுந்தது.

"குதிங்க மாமா!"

அவர் பக்கவாட்டில் பாய்ந்தார். வண்டி மல்லாந்து விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடம் சேற்றுக்குள் இருந்தது. எழுந்து கைகால்களைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். நேராக ஆபீசுக்கு நடந்து போய், "நான் பால் வெட்டவே போறேன் தொர" என்றார். துரை வற்புறுத்தவில்லை. என்னை ஓட்டச் சொன்னார். நானும் சரி என்றேன்.

சாயங்காலம் அக்கா என் லயத்து வீட்டுக்கு வந்தாள்.

"அவரு பொழச்சு வந்ததே பெருசு. அதுலயே நீ போயி ஒக்காரப் போறியா?"

"முன்பக்கம் தூக்குனா கிளச்ச மிதிக்கணும்னு தொர சொன்னாருக்கா. எறங்கிரும்."

"மிதிக்க நேரம் இருக்குமா?"

அவள் போய்விட்டாள்.

மறுநாள் மாமா வந்து, "கால கிளச்சு மேலயே வெச்சிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வண்டியைச் சில ஆண்டுகள் ஓட்டினேன். முன்பக்கம் பலமுறை எழுந்தது. ஒவ்வொரு தடவையும் மிதிக்க நேரம் இருந்தது. பயம் குறையவில்லை, பழகிவிட்டது. பேச்சை நிறுத்தியிருந்த அக்கா மறுபடி என்னோடு பேச அந்த வருடத் தீபாவளி வர வேண்டியிருந்தது. பலகாரத் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குச் சளி விட்டதா என்று என்னைக் கேட்டாள்.