கல்யாணப் பத்திரிகையும் அரை அடி ஸ்கேலும்

தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரார் பத்திரிகைகளில் எழுத்து இடிக்காமல், வரி ஒட்டாமல் பார்த்துக்கொண்டவள், என் சொந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு உட்கார்ந்த அன்று மட்டும் வகையாக மாட்டிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பெரியப்பா. மற்றவர் மேடவாக்கத்திலிருந்து வந்த என் வருங்கால மாமனார். அவர் சட்டைப்பையில் ஓர் அரை அடி ஸ்கேல் இருந்தது.

அழைப்பவர்கள் என்று இருவர் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். பெரியப்பா பெயர் மூன்றே எழுத்து. மாமனாருக்கோ பெயர், படிப்பு, பழைய பதவி என்று ஒரு ரயில் நீளம். தன் பெயர் சிறுத்துவிட்டதாகப் பெரியப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே அளவுதான் என்று சொன்னது எடுபடவில்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நின்றன. பெரியப்பாவுக்கு அதுவே பிடித்திருந்தது.

மாமனார் ஸ்கேலை உருவித் திரையில் வைத்தார். "இன்னாம்மா, அவரு பேரு காலை நீட்டிப் படுத்துகினு கீது. எங்க பேரு பஸ்ல நிக்கிற மாதிரி நசுங்கிகினு கீது."

மரியாதை தெரியாத இடம் என்று பெரியப்பா முணுமுணுத்தார். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அரை அங்குல இடைவெளிக்காக அவரை விட்டுக்கொடுக்க மனமில்லை.

அவசரத்தில் மாமனார் பெயரைப் பிடிக்கப் போனால், மேலே கிடந்த என் பெயர்தான் மௌஸில் மாட்டியது. எரிச்சலில் அதைப் பக்கத்துக்கு வெளியே இழுத்துப் போட்டேன். அங்கே கிடப்பது திரையில் தெரியும், அச்சில் வராது. பிறகு கொண்டுவந்து வைக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு பெயர்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்ததும் அச்செடுத்துக் கொடுத்தேன். இருவரும் மாறி மாறி அளந்தார்கள். நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்று மாமனார் பாராட்டினார். பெரியப்பா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். சண்டை ஓய்ந்த சந்தோஷத்தில் அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அட்டைக்கட்டைப் பிரித்த அன்று மாப்பிள்ளைதான் போன் செய்தார். "எல்லார் பேரும் இருக்கு. உங்க பேரு எங்க?"

ஃபைலைத் திறந்தேன். தங்க நிறத்தில், இடைவெளியெல்லாம் கச்சிதமாக, என் பெயர் பக்கத்துக்கு வெளியே கிடந்தது. அழுதுவிட்டேன். திரும்ப அச்சடிக்க நாள் இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை சிறுசேரியில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தங்க மைப் பேனாவோடு எங்கள் கடைக்கு வந்தார். அவருடைய அப்பாவும் கூடவே வந்தார். முதல் அட்டையின் வெற்றிடத்தில் மாப்பிள்ளை எழுதிய என் பெயர், ஒரு பக்கம் சாய்ந்து, மாமனார் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. மாமனார் கை சட்டைப்பைக்குப் போனது.

"அளக்காதப்பா," என்றார் மாப்பிள்ளை, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டே.