பூட்டிக் கிடக்கும் என் கல்யாணப் படம்

கூட்டத்தில் நிற்பதும் ஒரு தொழில்தான். கால் உளைந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இத்தாலியில், பலெர்மோவில் படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சந்தையில் நடக்கவும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கவும், கடற்கரையில் சும்மா இருக்கவும் ஆட்கள் வேண்டும். அப்படிப் போகிறவர்களை இங்கே கொம்பார்சா என்பார்கள். துணை நடிகை என்று சொன்னால் கொஞ்சம் கூடிப்போய்விடும். கதாநாயகன் அழும்போது பின்னால் நின்று வெங்காயம் வாங்குகிறவள் நான். வேலை நாட்களில் லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டைத் துப்புரவாக்குகிறேன். லீவு கிடைத்தால் சினிமா. வெயிலில் நின்று, 'இன்னொருமுறை' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன என் சக துன்பக்காரர்களே, இந்தச் சின்னக் கதைகள் உங்களுக்காகத்தான்.

பையின் நடிப்பு

முதல் படத்தில் எனக்குச் சந்தையில் நடக்கிற வேலை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மீன்கடையில் இருந்து பழக்கடைக்குப் போக வேண்டும், பிறகு திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். காலையில் தொடங்கி மத்தியானம் வரை அதே நடைதான். ஊரில் இருந்தாலும் அவ்வளவு சந்தைக்கு நான் போயிருக்க மாட்டேன்.

படம் வெளிவந்தபோது பருத்தித்துறையில் இருக்கும் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அயலட்டையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்தார். நான் வருவது ஒரு கண் சிமிட்டும் நேரம், அதுவும் முதுகுதான். அம்மாவின் கண்ணில் அப்போது புரை வேறு. ஆனாலும் உடனே போன் வந்தது.

"உன்ரை முகத்தைக் காணேல்லை பிள்ளை. ஆனால் அந்தப் பை நான் அனுப்பினதல்லோ? பை நல்லா நடிச்சிருக்கு."

ஆகஸ்டில் மார்கழி

மொண்டெல்லோவில் ஒருமுறை மாரிகாலக் காட்சி எடுத்தார்கள். எடுத்தது ஆகஸ்டில். எங்களுக்குக் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டும் தந்து கடற்கரையோரம் வரிசையாக நிறுத்தினார்கள். லொறியில் இருந்து குழாய் வழியாக மழை வந்தது. பெரிய காற்றாடி ஒன்று ஊளையிட்டது. கமெராவுக்குப் பின்னால், கூட்டத்தை மறிக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், நகரமே உடுப்பைக் கழற்றிவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உண்மையாகவே குளிர்ந்தது. குடைக்குள் நின்று சாம்பல் நிறக் கடலைப் பார்த்தபோது, இந்த ஊரில் வெயிலே கிடையாது, நான் வெகு காலமாக யாருக்காகவோ இங்கே காத்து நிற்கிறேன் என்றெல்லாம் தோன்றியது. நாலுபேர் சேர்ந்து மார்கழி என்று சொன்னால் ஆகஸ்டும் ஒத்துக்கொண்டுவிடுகிறது. இந்தத் தொழிலில் எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். அப்போது கயிற்றுக்கு அப்பால் இருந்து, கையில் வத்தகப்பழத் துண்டோடு நின்ற தொந்திக்காரக் கிழவர் ஒருவர் கூப்பிட்டார்.

"மகளே, மழை உங்கள் பக்கம் மட்டும்தானா? எங்களுக்கும் கொஞ்சம் விடச் சொல்லு!"

ஐயரிடம் இல்லாத மந்திரம்

அடுத்து வந்த படத்தில் தமிழ்க் கல்யாணம் ஒன்று இருந்தது. உதவி இயக்குநர் கியாரா, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு எப்போதும் ஓடித்திரியும் பெண், மாப்பிள்ளையாகவும் பொம்பிளையாகவும் நடிக்க எங்கள் ஆட்களில் இருவரைத் தேடினாள். பிணமாகப் படுக்கவும் பேயாக அலையவும் சந்தோசமாக வந்த பொடியன்கள் எல்லோரும் தாலி என்றதும் நைசாகக் கழன்றுவிட்டார்கள். பொய்க்குக் கட்டினாலும் கட்டினது கட்டினதுதான் என்று தாய்மார் தடுத்துவிட்டார்களாம்.

கியாரா எங்கள் கோயில் ஐயரிடம் போனாள். மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். ஐயர் சந்தனம் அரைத்தபடியே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மணவறை போடலாம், ஓமம் வளர்க்கலாம், எல்லாம் செய்யலாம். ஆனால் தாலி கட்டிறதெண்டால் கட்டிறதுதான். நடிப்புக்குக் கட்டிற மந்திரம் என்னட்டை இல்லை."

மாமாவின் முடிவு

திரும்பி வரும் வழியில் கியாரா மெல்லக் கேட்டாள், உண்மையாகவே கட்டவிருக்கிறவர்கள் யாருமே இல்லையா என்று. இருந்தோம், நானும் சுதனும். சுதன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மீன் வெட்டுகிறவர். எங்களுக்கு நகரசபையில் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் தாலி ஏறும்வரை எங்கள் ஆட்களுக்கு எழுத்து வெறும் கடதாசிதான். அவர் ஒரு வீட்டில், நான் ஒரு வீட்டில். அம்மா வந்த பிறகு கட்டலாம் என்று காத்திருந்தோம். அம்மாவுக்கு விசா கிடைக்கிறபாடாக இல்லை. அந்தப் படத்திலேயே உண்மையாகத் தாலி கட்டிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய கல்யாண ஆல்பம் இடம்பெயர்ந்த நாட்களில் தொலைந்துபோனது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே அப்பா காலமாகிவிட்டார். அடையாள அட்டையில் இருந்து எடுத்துப் பெருப்பித்த படம் ஒன்றுதான் அவர் என்று எங்கள் வீட்டில் தொங்குகிறது. அதில் அவர் யாரையோ கண்டு பயந்தவர் மாதிரி இருப்பார். வர முடியாவிட்டாலும் மகளின் கல்யாணத்தையாவது ஆற அமர இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஆசை. சினிமாவில் கல்யாணம் என்று கேட்டதும், எத்தனையோ காலமாகத் தட்டிக்கழித்து வந்த கண் ஒப்பரேசனைக் கையோடு செய்துகொண்டார்.

படக் கம்பனியின் சட்டம் கண்டிப்பானது. போன்களை வாங்கிப் பையில் போட்டு ஒட்டிவிடுவார்கள், வெளிக் கமெரா ஒன்றும் உள்ளே வரக்கூடாது. எங்கள் வீடியோக்காரன் ஒருவனையாவது உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். அம்மாவின் தம்பி, இங்கேயே இருக்கும் எங்கள் மாமா, அதைக் கையை விசுக்கித் தள்ளிவிட்டார்.

"உனக்கென்ன விசரே? சினிமாக்காரன்ரை கமெராவுக்கு முன்னாலை எங்கடை வீடியோக்காரன் எதுக்கு?"

இன்னொருமுறை

ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு முற்றத்தில் மணவறை போட்டார்கள். வாழைமரம் யாரோ ஒரு இத்தாலியரின் தோட்டத்தில் இருந்து குலையோடு வந்தது. மாவிலை கிடைக்காமல் எலுமிச்சை இலையைத் தோரணமாகக் கட்டினார்கள். இயக்குநருக்குப் பின்னேர வெயில் வேண்டும், ஐயருக்குக் காலை முகூர்த்தம் வேண்டும். ஐயர் வென்றார்.

கூட்டத்தில் நின்று பழகியவளுக்கு நடுவில் இருக்கத் தெரியவில்லை. நான் குனிந்த தலை நிமிரவே இல்லை. எனக்குத் தெரிந்தது சுதனின் முழங்காலும், ஓமப் புகையும், கூறைச் சேலையின் கரையில் ஊர்ந்த வெளிச்சமும்தான். மீன் மணம் போக எலுமிச்சை போட்டுக் கழுவிய கைகள் என் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டன. கெட்டிமேளம் ஒலிநாடாவில்தான் வந்தது, ஆனால் எனக்கு அது கடலுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. பிடித்துவைத்த மாதிரி எல்லாமே ஒரு கணம் அசையாமல் நின்றது. விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட ஓடிவந்து அறுகரிசி எறிந்து வாழ்த்தினார்களாம், பிறகுதான் சொன்னார்கள்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் பழக்கதோசத்தில் அந்தச் சொல்லைச் சொன்னார்: இன்னொருமுறை. ஐயருக்கும் படக்காரர்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறவள் நான் ஒருத்திதான். மணவறையில் குந்தியிருந்தபடியே ஐயருக்குச் சொன்னேன். ஐயர் ஓமத்தில் இருந்து நிமிராமலே பதில் சொன்னார்.

"இன்னொருக்காக் கட்டவேணுமெண்டால் இன்னொரு பொம்பிளையைக் கொண்டு வரச் சொல்லுங்கோ!"

என் கல்யாணத்தில் என் ஆரவாரம்

சில மாதம் கழித்து ஆரவாரச் சத்தம் பதிய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இருட்டறை, எதிரே பெரிய திரை. என்னைப் பார்க்கப்போகிறேன் என்று முன்னால் போய் நின்றுகொண்டேன். திரையில் வந்தது கூட்டம் மட்டும்தான். மாமா அறுகரிசி எறிகிறார், ஆட்கள் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. எனக்குத்தான் என்னைக் காட்டவில்லை. அவர்களுடைய முகத்தில் பட்டிருந்த அந்த வெளிச்சம், கண் விழித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிற கனவு மாதிரி இருந்தது. கத்த வேண்டிய இடத்தில் நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் பதிகிற மனிதர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஒலிபெருக்கியில் பேசினார்.

"கொஞ்சம் சந்தோசமாகக் கத்துங்கள், சிஞ்ஞோரா. உங்களுக்குத் தெரிந்த யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்."

சிஞ்ஞோராவின் விளக்கம்

படம் முடிந்தது. இசை சேர்த்தார்கள், சுவரொட்டிக்குப் படம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு போனிலும் "எப்ப வருது?" என்றார். நான் வருகிறது, வருகிறது என்றேன். ஒருநாள் கியாரா கோப்பிக் கடையில் என்னைப் பிடித்தாள். காதில் பென்சில் இல்லை. படக் கம்பனியை வேறொரு பெரிய கம்பனி வாங்கிவிட்டதாம். வந்த புது முதலாளிகள் படத்தை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்களாம், வரிக்காக. படம் நன்றாக இல்லையா என்று கேட்டேன். அழகான படம் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமைத்து இறக்கிய சாப்பாட்டை யாரும் மூடிப் பூட்டி வைப்பார்களா? என் சிஞ்ஞோரா ஓய்வு பெற்ற கணக்காளர். யன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆறுதலாக விளக்கினார். படத்தை வெளியே விடுவதென்றால் விளம்பரத்துக்கு இன்னும் கொட்ட வேண்டும், அது ஓடுமா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். பூட்டி வைத்துவிட்டு, போட்டதெல்லாம் நட்டம் என்று எழுதினால் மற்றப் படங்களின் இலாபத்துக்குக் கட்ட வேண்டிய வரி குறையும், அது நிச்சயம். நிச்சயமில்லாத பெரிய காசைவிட நிச்சயமான சின்னக் காசு மேல் என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கும் உதவாது என்று எழுதிய பொருளைப் பிறகு எடுத்து உதவவைக்க முடியாது, ஒருவருக்கும் காட்டவும் முடியாது. அப்போ என் கல்யாணம் என்றேன். சிஞ்ஞோரா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உன் கல்யாணம் ஒரு சதமும் பெறாது என்று அவர்கள் சட்டப்படி சத்தியம் செய்திருக்கிறார்கள், மகளே."

நீங்கள்தான் இருந்தீர்களே

எனக்குப் படம் வேண்டாம். தாலி கட்டுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் போதும், அதுவும் அம்மா ஒருவர் பார்க்க. கியாரா பாவம், தெரிந்த எல்லோரிடமும் கேட்டாள். கடைசியில் கம்பனி அலுவலகத்து மனிதர் ஒருவரோடு கதைக்கப் போனைக் கையில் தந்தாள். மரியாதையான குரல். ஒருவருக்கு ஒரு துண்டு கொடுத்தாலும் படம் பாவனைக்கு வந்ததாகிவிடும், பிறகு நட்டம் என்ற கணக்கு நிற்காது என்றார். நான் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவரும் என்னை ஆறுதல்படுத்தத்தான் நினைத்திருப்பார்.

"உங்கள் கல்யாணம்தானே, சிஞ்ஞோரா? நீங்கள்தான் அங்கே இருந்தீர்களே, பார்த்திருப்பீர்களே?"

அம்மா பார்த்த படம்

மணவறையில் எங்கள் பொம்பிளைகள் குனிந்த தலை நிமிர்வதில்லை என்பதை அந்த மனிதருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கமெரா பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினேன். தேடிப் பார்த்ததில் அன்றைய படம் என்று ஒன்றுகூட ஒருவரிடமும் இல்லை. மாமா என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தார். சுதன்தான், மறைக்க மறைக்க அம்மா அங்கே காத்துக்கொண்டே இருப்பார், சொல்லிவிடு என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சொன்னேன். கம்பனி மாறியது, வரி, நட்டம், பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதைப் பார்ப்பதற்கென்றுதானே அம்மா கண்ணை வெட்டிக்கொண்டவர், என்னை மன்னியுங்கோ என்று அழுதேன். அந்தப் பக்கம் காகம் கரைவது கேட்டது. எழும்பிப் போய்விட்டாரோ என்று நினைத்தபோது குரல் வந்தது. கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. நித்திரையால் எழும்பியவர் மாதிரிக் கதைத்தார்.

"அழாதை பிள்ளை. ஆல்பம் துலைஞ்சாப் பிறகு என்ரை கல்யாணத்தையே நான் கண்ணை மூடித்தான் பாக்கிறனான். உன்ரையையும் அப்பிடி எப்பவோ பாக்கத் தொடங்கீட்டன். நல்ல வடிவா இருக்கு. என்ரை படத்திலை அப்பாவும் நிக்கிறார். அவர்தான் உன்னைத் தாரைவாத்துக் குடுக்கிறார்."

ஒருவருக்கும் காட்டமாட்டோம் என்று கம்பனி பூட்டி வைத்திருக்கிற அந்தப் படம், பருத்தித்துறையில் ஒரு வீட்டில், ஒரு சதம் வரியும் கட்டாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.