கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை தாயாரம்மாளும் மகன் கன்னியப்பனும் மாடித் தரைக்கு இரண்டாம் தடவையாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். முதல் தடவை அடித்ததன் மேல் அவளே சாணி போட்டு மெழுகிவிட்டிருந்தாள்.

"உளுந்து கொட்ற எடத்த மெழுவாம இன்னா பண்ணுவாங்க? ஒங்க மெட்ராஸ்ல பவுடர் போடுவாங்களா?"

"எம்மா, வெயில்ல கரண்டு எடுக்கற இந்தத் தகட்டுக்கு அடியிலயும் ஒரு மொகம் கீது. தரை வெள்ளையா இருந்தா அங்கேர்ந்து வெளிச்சம் ஏறும். சாணி போட்டா ஏறாது."

"ரெண்டு வாய் வெச்சிக்கினு கீதா? இங்க ஒரு வாய்க்கே தீனி போட முடியல."

சிரித்துக்கொண்டே மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினாள்.

அது எண்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். கன்னியப்பன் மெட்ராஸில் ஒரு சூரிய மின்சார ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தான். மற்ற தகடுகள் மேலே விழும் வெயிலை மட்டும் வாங்கும். அவர்கள் கையால் செய்த இந்தத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி, தரையிலிருந்து ஏறும் வெளிச்சத்தையும் வாங்கும். இப்படி ஒன்றை வைக்க வேண்டுமென்றால் வீட்டுக் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்க அம்மாவின் புது மாடி கிடைத்தது.

தாயாரம்மாள் இருபத்து நாலு வயதில் தாலி இழந்தவள். திருப்புலிவனம் ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர். அதில்தான் மகனைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தாள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பாள். ஓர் ஐப்பசியில் ஓடு ஒழுகி விதைநெல் முளைத்துப் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம், ஒழுகாத தளம். அதன் மேலேயே தானியமும் காய வேண்டும். தளம் போட்டு முடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. கைப்பிடிச் சுவர் ஒன்றுதான் பாக்கி. செங்கல்கூட வந்து இறங்கியிருந்தது.

கன்னியப்பன்தான் நிறுத்தினான். சுவர் நிழல் காலையும் மாலையும் தரையில் விழும், அடிமுகத்து வெளிச்சம் குறையும், இரண்டு மாதம் போகட்டும் என்றான்.

கொத்தனார் வேதாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. "யக்கா, மாடியத் தொறந்து போட்டு வுட்டா எப்புடி? மாடுகூட வரப்பு பாத்துத்தான் போவுது."

"எம் புள்ள கணக்கு போட்டுக்கினு கீறான். நீ கரண்டியக் கழுவி வையி."

கன்னியப்பன் சனிக்கிழமைதான் வருவான். மற்ற நாட்களில் உச்சி வெயிலில் அவளே தகட்டில் மாட்டிய மீட்டரைப் பார்த்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. முள் எத்தனை கோட்டைத் தாண்டுகிறதோ அத்தனை கோடு கரித்துண்டால் படிச் சுவரில் போடுவாள். பிறகு மேல்முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, அடிமுகத்துக்குத் தனியாகக் கோடு. வெறும் சிமென்ட் தரையில் அடிமுகம் மேல்முகத்தில் பத்தில் ஒரு பங்கு தந்தது. சுண்ணாம்பு அடித்ததும் கால் பங்கு. திடீரென்று ஒரு வாரம் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு இறங்கிற்று. கன்னியப்பன் ஒயரைச் சந்தேகப்பட்டான், மீட்டரைக் கழற்றிப் போட்டான். கடைசியில் தரையைப் பார்த்தான். சாணி.

அந்தச் சனிக்கிழமை இரவெல்லாம் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டான். நிழலைவிடத் தரையின் நிறம்தான் பெரிது என்று தெரிந்தது. சுவரின் உள்பக்கம் வெள்ளையாக இருந்து, கீழ்வரிசையில் ஒரு கல் விட்டு ஒரு கல் வைத்தால் நிழலால் போவது கொஞ்சம்தான். வடக்குச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பிக்கூடத் தரும். சுவரை முதலிலேயே கட்டியிருக்கலாம். ஒரு தாளில் வரைந்தான்.

ஞாயிறு சாயங்காலம் அந்தத் தாளை அம்மாவிடம் கொடுத்தான். அவள் விரலில் சுண்ணாம்பு காயாமல் இருந்தது.

"நாளைக்கே வேதாசலம் மேஸ்திரிகிட்ட குடுத்துடு."

"குடுக்கறேன் நைனா. நீ பஸ்ஸ வுட்டுடப் போற."

திங்களன்று உளுந்து களத்திலிருந்து வந்துவிட்டது. செவ்வாயன்று மெழுகாமலே வெள்ளைத் தரையில், தகட்டை விட்டுத் தள்ளி ஓரமாகப் பரப்பினாள். உச்சியில் முள்ளைப் பார்த்தாள், கோடு போட்டாள். பிறகு உளுந்தைக் கூட்டினாள். கூட்டுகிறவர்கள் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். விழுந்த சத்தம் கேட்டு, தெருவில் போன வேதாசலம்தான் முதலில் ஓடி வந்தான். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்தும் கன்னியப்பனால் வீட்டில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போனான், இறங்கினான், மறுபடி போனான். விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளியே நின்றான். தகடு வெயிலில் நின்றது. படிச் சுவரில் செவ்வாய்க்கிழமைக் கோடுகள்: மேல்முகத்துக்குப் பதினொன்று, அடிமுகத்துக்கு மூன்று. மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் பாதிக் கோடு ஒன்று. முள் நடுவில் நின்றிருக்கிறது, விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதுவரை வந்ததில் அதுதான் அதிகம்.

அவளுடைய சுருக்குப் பை ஆணியில் தொங்கிற்று. உள்ளே இரண்டு கொட்டைப்பாக்கு, ஒரு பஸ் டிக்கெட், நாலாக மடித்து நூல் சுற்றிய தாள். மடிப்பில் வெள்ளையாக விரல் ரேகை.

வேதாசலத்தின் வீடு ஏரிக்கரையைத் தாண்டினால் மூன்றாவது வீடு. தாள் அங்கே போய்ச் சேரவில்லை.